சத்தமில்லாமல் மூடும் அலமாரி இழுப்பறைகள்: எந்தச் சேனல், எந்த அளவு?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: படுக்கையறையில் 7 அடி அகலத்துக்கு ப்ளைவுட் அலமாரி செய்யப் போகிறீர்கள், அன்றாடத் துணிகளுக்கு இரண்டு இழுப்பறைகள், பட்டுப்புடவைகளுக்கு 36 அங்குல அகலத்தில் ஒன்று, நகைக்கும் பத்திரங்களுக்கும் பூட்டு வைத்துச் சிறியதாக ஒன்று என மொத்தம் நான்கு வருகின்றன, இழுப்பறை ஓடும் தடத்துக்குத் தச்சர், பெட்டியின் பக்கவாட்டில் பொருத்தும் சாதாரண டெலஸ்கோபிக் சேனலே போதும் என்கிறார், கடைக்காரர் நான்குக்கும் பெட்டிக்கு அடியில் மறைந்திருந்து கடைசியில் மெல்லத் தானே மூடும் அண்டர்மவுன்ட் சாஃப்ட் குளோஸ்தான் என்கிறார், அதே அறையில் கைக்குழந்தை தூங்குவதால் சத்தம் வரவே கூடாது. இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி சரி. அன்றாடம் திறக்கும் இரண்டுக்கு மட்டும் அண்டர்மவுன்ட் போடுங்கள். புடவை இழுப்பறையை 36 அங்குலத்தில் ஒன்றாகச் செய்யாமல் இரண்டாகப் பிரித்து, டெலஸ்கோபிக்கிலேயே நல்ல சாஃப்ட் குளோஸ் வகையைப் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை திறக்கும் பூட்டு இழுப்பறைக்குச் சாஃப்ட் குளோஸ் இல்லாத சாதாரண டெலஸ்கோபிக் சேனலும் முகப்பின் உட்புறம் ஒட்டும் இரண்டு ரப்பர் பொட்டுகளுமே போதும்.

இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று சொல்வதற்கு முன், சாஃப்ட் குளோஸ் என்பது உள்ளே என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகள் இருக்கின்றன. சேனலின் பின்முனையில் உள்ள சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கும், எண்ணெய் நிரம்பிய ஒரு குட்டி உருளையும் இருக்கும். இழுப்பறை உள்ளே போய்க் கடைசி இரண்டு அங்குலத்தை நெருங்கும்போது ஒரு கொக்கி மாட்டிக்கொள்ள, ஸ்பிரிங் அதை உள்நோக்கி இழுக்கத் தொடங்குகிறது; அதே நேரத்தில் உருளைக்குள் இருக்கும் பிஸ்டன், கெட்டியான எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளிக்கொண்டு நகர வேண்டியிருப்பதால், வேகத்தைத் தடுக்கிறது. எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு அதிகமாக எண்ணெய் எதிர்த்து நிற்கும் என்பதால்தான், கோபத்தில் அறைந்து மூடினாலும் மெல்லத் தள்ளினாலும் கடைசி இரண்டு அங்குலத்தை இழுப்பறை ஏறக்குறைய ஒரே நிதானத்தில் கடக்கிறது. கடைக்காரர்கள் டேம்பர் என்று சொல்வது இந்த உருளையைத்தான். ஆஸ்திரியாவின் ஹோக்ஸ்ட் என்ற ஊரைச் சேர்ந்த ப்ளூம் நிறுவனம் 2001-இல் ப்ளூமோஷன் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டு மரச்சாமான்களில் இந்த அமைப்பு பரவலானது. இன்று ஹெட்டிச், ஹாஃபலே, எப்கோ, கோத்ரெஜ் என்று எல்லோரிடமும் இதன் ஏதோ ஒரு வடிவம் கிடைக்கிறது.

இதிலிருந்து தெரிய வேண்டியது, டேம்பருக்குக் கடைசி இரண்டு அங்குலத்தோடுதான் உறவு என்பது. அதற்கு முந்தைய பதினாறு, பதினெட்டு அங்குல ஓட்டம் முழுக்கச் சேனலின் பேரிங்குகளையும் தச்சரின் கையையும் பொறுத்தது. கடையில் வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். முடிவில் மட்டும் மெதுவாக மூடுகிற, ஆனால் வழியெல்லாம் கரகரவென்று வருகிற இழுப்பறையைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, சாஃப்ட் குளோஸ் சரியில்லை என்று டேம்பரைக் குறை சொல்கிறார்கள்.

சந்தையில் கிடைக்கும் வகைகளில், இரண்டு பக்கமும் வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரம் ஓடும் ரோலர் சேனலை விட்டுவிடலாம். விலை குறைவு, ஆனால் முழுதாக வெளியே வராது, பின்பாதித் துணியைத் தடவித்தான் எடுக்க வேண்டும், சக்கரம் தேய்ந்ததும் ஆட்டம் கண்டுவிடும். சமையலறையில் டேண்டம் பாக்ஸ் என்று போடுகிறார்களே, பக்கங்கள் எஃகில் வரும் அந்தப் பெட்டிகளும் படுக்கையறைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. எண்ணெய்க் கறை துடைக்கும் வசதிக்குத் தரும் பணத்தைத் துணி வைக்கும் பெட்டிக்கு ஏன் தர வேண்டும்? எஞ்சியிருப்பவை பெட்டியின் பக்கவாட்டில் பொருத்தும் டெலஸ்கோபிக் சேனலும், பெட்டிக்கு அடியில் மறைந்திருக்கும் அண்டர்மவுன்ட் சேனலும்தான்.

டெலஸ்கோபிக் சேனல் மூன்று எஃகுப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவுவது. இடையில் வரிசையாகக் குண்டுகள் ஓடும். இதன் தடிமன் பக்கத்துக்கு 12.7 மி.மீ., அதாவது சரியாக அரை அங்குலம். பெட்டியின் வெளி அகலம் அலமாரிக் கூட்டின் உள் அகலத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும் என்று தச்சர்கள் மனக்கணக்காகச் சொல்வது இதனால்தான். கணக்கு சரி, கோளாறு மைக்காவில் வருகிறது. வெறும் பலகையில் ஓர் அங்குலம் விட்டு அறுத்த பிறகு, கூட்டின் உட்சுவர் இரண்டிலும் 0.8 மி.மீ. லைனர் தாளும் பெட்டியின் வெளிப்பக்கம் இரண்டிலும் 1 மி.மீ. மைக்காவும் ஒட்டினால், மொத்தம் 3.6 மி.மீ. இடம் போய்விடுகிறது. பிறகு சேனலை நெருக்கி உட்காரவைப்பார்கள், குண்டுகள் பட்டைக்கிடையே பிதுங்கும், இழுத்தால் கடுமையாக வரும். தவறு தெரிந்து அதிகமாக இழைத்துவிட்டாலோ எதிர்த் தொல்லை: இடைவெளி கூடிப்போய் இழுப்பறை தொங்கிக்கொண்டு கடகடக்கும். எனவே அளவெடுப்பது எப்போதும் மைக்கா ஒட்டிய பரப்பிலிருந்து இருக்க வேண்டும் என்பதையும், ஓர் அங்குலத்துக்குப் பதில் 26 மி.மீ. விட வேண்டும் என்பதையும் உங்கள் தச்சரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கொஞ்சம் கூடிப்போனால் மெல்லிய பேக்கிங் கொடுத்துச் சரிசெய்யலாம். குறைந்துபோனால் ஒன்றும் செய்ய முடியாது.

அண்டர்மவுன்ட் சேனலில் ஓட்டம் அடியில் நடப்பதால், துணியிலிருந்தும் மேலிருந்து விழும் தூசியிலிருந்தும் அது தள்ளியிருக்கிறது. பக்கவாட்டு ஆட்டமும் குறைவு. நள்ளிரவில் ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போகலாம் என்ற நிலைக்கு இதுவே ஏற்றது. ஆனால் இதன் அளவுக் கணக்கு டெலஸ்கோபிக்கைப் போன்றதல்ல என்பதைப் பல தச்சர்கள் முதல் பெட்டியைக் கெடுத்த பிறகே கற்றுக்கொள்கிறார்கள். இங்கே பெட்டியின் வெளி அகலம் முக்கியமில்லை, உள் அகலம்தான் முக்கியம். எடுத்துக்காட்டாக, ப்ளூமின் டேண்டம் வகையில் 16 மி.மீ. வரை தடிமனுள்ள பக்கப் பலகைக்கானதை வாங்கினால், பெட்டியின் உள் அகலம் கூட்டின் உள் அகலத்தைவிட 42 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அடிப்பலகை, பக்கப் பலகையின் கீழ்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 13 மி.மீ. உயரத்தில் உட்கார வேண்டும். பின்பலகையில் சேனலின் முனைக்காக வெட்டும் துளையும் வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் 18 மி.மீ. ப்ளைவுட்டிலேயே அறுத்துப் பழகிவிட்டதால், 16 மி.மீ. வகைச் சேனலை வாங்கிவந்து 18 மி.மீ. பெட்டியில் மாட்ட முயன்று திண்டாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கங்களுக்கு 12 அல்லது 16 மி.மீ. பலகை போடுங்கள், அல்லது 19 மி.மீ. வரை ஏற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் சேனலையும் அதனுடன் வரும் அளவுத் தாளையும் வாங்கி மேசைமேல் வைத்த பிறகே ரம்பம் பலகையைத் தொட வேண்டும்.

அடுத்தது எடை. டெலஸ்கோபிக் சேனல்கள் பெரும்பாலும் 35 அல்லது 45 கிலோ என்றும், அண்டர்மவுன்ட் 30 கிலோவிலிருந்து மேலேயும் குறிக்கப்பட்டு வரும்; இது ஒரு ஜோடிக்கான கணக்கு, இதில் பெட்டியின் சொந்த எடையும் அடக்கம். துணிதானே என்று நினைக்க வேண்டாம். ஜரிகைப் பட்டுப்புடவை ஒன்று அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும், உங்கள் 36 அங்குல இழுப்பறையில் முப்பது புடவை அடுக்கினால் அதுவே 20 கிலோவைத் தாண்டும், 6 மி.மீ. அடிப்பலகையும் 18 மி.மீ. முகப்பும் கொண்ட அந்தப் பெட்டி சும்மாவே 7, 8 கிலோ இருக்கும். 30 கிலோ சேனல் முறிந்துவிடாது, ஆனால் எல்லையை ஒட்டி ஓடும் இழுப்பறையை டேம்பரால் நிறுத்த முடியாமல் முடிவில் ‘டொம்’ என்று முட்டும். பணம் கொடுத்து வாங்கிய அமைதி அங்கே போய்விடும். இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. கைக்குட்டையும் சாக்ஸும் மட்டும் வைக்கும் மிகச் சிறிய, எடையில்லாத இழுப்பறையைத் திறக்கும்போது அந்த ஸ்பிரிங்கை நாம்தான் இழுத்து மீண்டும் ஏற்ற வேண்டியிருப்பதால், முதல் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெடுக் தெரியும். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

அகலத்தைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிப்பேன், ஏனென்றால் அலமாரியில் ஓசை வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருந்தும் யாரும் இதைக் கேட்பதில்லை. இழுப்பறையின் ஆழம் 18 அங்குலமும் அகலம் 36 அங்குலமுமாக இருந்தால், நடுவில் பிடித்துத் தள்ளும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் வலது ஓரத்தைத் தள்ளினால், வலப்பக்கம் முந்திப் போய்விடும், இடப்பக்கம் பின்தங்கும், பெட்டி கோணலாகச் சிக்கி, முதலில் ஒரு ‘டக்’, கொஞ்சம் கழித்து இன்னொரு ‘டக்’ என்று மூடும். இரண்டு டேம்பர்களும் வெவ்வேறு நேரத்தில் மாட்டிக்கொள்வதால் இப்படி ஆகிறது. அகலமான பெட்டிகளுக்கென்று இரண்டு சேனல்களையும் அடியில் ஒரு தண்டால் இணைத்து இரு பக்கமும் ஒன்றாகவே நகரும்படி செய்யும் அமைப்பு அண்டர்மவுன்ட்டில் தனியாகக் கிடைக்கிறது. கட்டாயம் 36 அங்குலம்தான் வேண்டும் என்றால் அதைச் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் 30 அங்குலத்தை மேல்வரம்பாக வைத்துக்கொள்வது என் வழக்கம். நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுத்து இரண்டு பதினேழு அங்குலப் பெட்டிகளாக்கினால் எடையும் பாதியாகும், கோணலும் போய்விடும், புடவைகளையும் பருத்தி தனி பட்டு தனி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆழத்தைப் பொறுத்தவரை, 24 அங்குல ஆழமுள்ள, கதவு கீல்மேல் திறக்கும் அலமாரிக்கு 20 அங்குலச் சேனல் பொருந்தும். நகரும் கதவென்றால் அதன் தடங்களே மூன்று நான்கு அங்குலத்தை எடுத்துக்கொள்வதால் 18 அங்குலத்தோடு நிறுத்த வேண்டும். நகரும் கதவில் இன்னொரு கண்ணி இருக்கிறது: இரண்டு கதவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் நடுப்பகுதிக்குப் பின்னால் இழுப்பறையின் ஓரம் வந்துவிட்டால், எந்தக் கதவைத் தள்ளினாலும் அது முழுதாக வெளியே வராது. கீல் கதவிலும், 90 பாகை மட்டுமே திறந்த நிலையில் உள் இழுப்பறையின் முகப்பு கதவையோ கீலையோ உரசாமல் இருக்கக் கூட்டுச் சுவருக்கும் சேனலுக்கும் இடையில் ஓர் இரண்டு அங்குலப் பட்டையைக் கொடுத்துத் தள்ளிப் பொருத்த வேண்டும். வரைபடத்திலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெட்டி அறுத்த பிறகு கேட்டால் பயனில்லை.

கைப்பிடியே இல்லாமல், முகப்பை அழுத்தினால் திறக்கும் வகையைக் காட்டி உங்களை மயக்குவார்கள். சாதாரண அழுத்தித் திறக்கும் சேனலும் சாஃப்ட் குளோஸும் ஒன்றுக்கொன்று முரணானவை: ஒன்று மூடிய நிலையிலிருந்து வெளியே தள்ள வேண்டும், மற்றது உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரும் சேனல்கள் இருக்கின்றன, விலையும் அதற்கேற்ப ஏறும், முகப்புக்கும் கூட்டுக்கும் இடையிலான இடுக்கை மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்யத் தெரிந்த ஆளும் வேண்டும். ஒரு நல்ல கைப்பிடியைப் போட்டுவிட்டு அந்தப் பணத்தை அடிப்பலகையில் போடுங்கள் என்பேன். 4 மி.மீ. பலகையை அடியில் ஆணியடித்து ஒட்டிய பெட்டி, சேனல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பறை மாதிரி அதிரும். குறைந்தது 6 மி.மீ., அகலமானால் 9 மி.மீ. பலகையை, நான்கு பக்கமும் காடி எடுத்துப் பசையுடன் செருக வேண்டும். ப்ளைவுட்டில், தரைக்கு அருகில் வரும் பெட்டிகளுக்கும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரிக்கும் ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரையுள்ளது நல்லது. மழைக்காலத்தில் ஊதும் பலகைதான் ஐப்பசியில் இறுகி, பங்குனியில் தளர்ந்துபோகும்.

பொருத்தும் வேலையைப் பற்றி என் வீட்டுக் கதையே ஒன்று இருக்கிறது. விலையுயர்ந்த சாஃப்ட் குளோஸ் சேனல் வாங்கி, 32 அங்குல இழுப்பறைக்குப் போட்டேன். இரண்டு வாரத்தில் இடப்பக்கம் கரகரத்தது, கடைசியில் ஒரு விரற்கடை மூடாமல் நின்றது. கழற்றி, சேனலின் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தால், கிரீஸோடு மரத்தூள் குழைந்து களிம்பாகக் குண்டுகளின்மேல் அப்பியிருந்தது. சேனலை மாட்டிய பிறகு அலமாரிக்குள்ளேயே மின்விளக்குக்காகத் துளை போட்டிருக்கிறார்கள். துடைத்துச் சுத்தம் செய்தும் முழுதாகச் சரியாகவில்லை. பிறகுதான் அளந்தேன்: கூட்டின் உள் அகலம் முன்னால் இருந்ததைவிடப் பின்னால் 3 மி.மீ. குறைவு. பின்பலகையை மூலைமட்டம் வைக்காமல் ஆணியடித்திருந்தார்கள். பின்பலகையைக் கழற்றி, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வரும்வரை கூட்டைத் தள்ளி நிறுத்தி மீண்டும் திருகினோம். அதே சேனல், அன்றிலிருந்து சத்தமே இல்லை. ஆகவே சேனல் மாட்டுவதற்கு முன் தச்சர் மூன்று இடங்களில், முன், நடு, பின் என்று உள் அகலத்தை அளப்பதையும், இரு பக்கச் சேனலும் ஒரே உயரத்தில் இருப்பதை ரசமட்டம் வைத்துப் பார்ப்பதையும், துளை போடும் வேலை எல்லாம் முடிந்த பிறகே சேனலைத் திறந்து எடுப்பதையும் அருகில் நின்று கவனியுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

கடையில் பார்க்கும்போது, காட்சிக்கு வைத்திருக்கும் காலிப் பெட்டியை மட்டும் தள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலியாக இருக்கும்போது எல்லாமே அழகாக மூடும். அங்கேயே இரண்டு மூன்று ப்ளைவுட் துண்டுகளையோ டைல்ஸ் கட்டையோ கேட்டு உள்ளே வையுங்கள். முழுதாக வெளியே இழுத்து, முகப்பைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் தளதளவென்று ஆடுவதை விட்டுவிடுங்கள். ஓர் ஓரத்தை மட்டும் தள்ளி மூடுங்கள். பிறகு முக்கால் டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து ஓரளவு வேகமாகத் தள்ளுங்கள். கொக்கி மாட்டும் இடத்தில் வெட்டி இழுக்கும் சேனல் தண்ணீரைச் சிந்திக் காட்டிவிடும், நல்லது அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தும். நான் இதைச் செய்தபோது சில கடைக்காரர்கள் சிரித்தார்கள், ஒருவர் மட்டும் தானே டம்ளரை எடுத்துவந்தார், அவரிடம்தான் வாங்கினேன். ஐரோப்பிய நிறுவனங்கள் சேனலின் உறுதியையும் ஆயுளையும் ஈஎன் 15338 என்ற தரநிலையின்படி சோதித்துக் குறிப்பிடுவார்கள். பெட்டியிலோ விவரத் தாளிலோ அதையும், கிலோ அளவையும் தேடுங்கள். இரண்டுமே அச்சிடப்படாத சேனலை அன்றாட இழுப்பறைக்கு வாங்க வேண்டாம்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்று கடற்காற்று வீசும் ஊரில் இருந்தால் துத்தநாகப் பூச்சு நன்றாக உள்ளதையோ, டெலஸ்கோபிக் வகையில் 304 எவர்சில்வர் சேனலையோ பாருங்கள். பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாக்குவம் கிளீனரால் தூசியை உறிஞ்சி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பர்மா தேக்கில் செய்த பழைய மேசைகளின் மரச்சட்டத்தில் பாட்டிகள் மெழுகுவத்தித் துண்டைத் தேய்ப்பார்கள், அங்கே அது சரியான வைத்தியம். அந்த நினைவில் சேனலுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஒரு வாரம் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். சாஃப்ட் குளோஸ் திடீரென்று வேலை செய்யாமல், இழுப்பறை இரண்டு அங்குலம் வெளியே நின்றால், பெரும்பாலும் டேம்பர் கெட்டிருக்காது. குழந்தைகள் வேகமாக இழுத்ததில் கொக்கி தன் இடத்திலிருந்து நழுவியிருக்கும். இழுப்பறையை நேராக, ஒரே அழுத்தமாக உள்ளே தள்ளினால் ‘கிளிக்’ என்று மாட்டிக்கொள்ளும். மாட்டாவிட்டால் பெட்டியைக் கழற்றி அந்தப் பிளாஸ்டிக் கொக்கியை விரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி செலுத்துங்கள்.

வேலை முடிந்த அன்று தச்சருக்கு மீதிப் பணம் கொடுப்பதற்கு முன், புடவைகளையும் துணிகளையும் உண்மையிலேயே அடுக்கி, எல்லா இழுப்பறைகளையும் ஓரத்தில் தள்ளி, வேகமாகத் தள்ளி, மெதுவாகத் தள்ளி மூடிப் பாருங்கள். அண்டர்மவுன்ட்டில் முகப்பை மேலும் கீழும் நகர்த்தும் சிறு நெம்புகோல் அடியில் இருக்கும். எடை ஏறிய பிறகு முகப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அப்போதே அவரை வைத்து ஏற்றிக்கொள்ளலாம், நெம்புகோல் எது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.